புதிய சேவலும் முப்பது நாள் காத்திருப்பும்

வாசகர் கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 11 பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். முட்டை விற்பதைவிட, குஞ்சு பொரிக்க வைத்து நல்லதொரு கூட்டத்தை உருவாக்குவதே என் விருப்பம். சேவலுக்கு 4 வயதாகிறது; பெட்டைகளில் 6 அதன் மகள்கள். முன்பெல்லாம் 12 முட்டை அடை வைத்தால் 9 அல்லது 10 குஞ்சுகள் கிடைக்கும். இப்போது 4 அல்லது 5 தான் கிடைக்கின்றன. எனவே புதிய சேவல் வாங்கப் போகிறேன். சந்தையில் பார்த்த கண்ணைப் பறிக்கும் பெரிய சேவல் ஒன்று மனத்தில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடமும் ஓராண்டுச் சேவல் இருக்கிறது. எதை வாங்கலாம்? இரவில் கூட்டுக்குள் விட்டுவிட்டால் விடிவதற்குள் பழகிவிடும் என்கிறார்களே, அது சரியா? அதன் குஞ்சுகளை எப்போது எதிர்பார்க்கலாம்?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரவில் விடலாமா என்பதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது. பெட்டைக்கோழியின் முட்டைக்குழாயில் சேவலின் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் உள்ளன. ஒருமுறை இணைசேர்ந்த பெட்டை, அதன் பிறகு சேவலையே பார்க்காவிட்டாலும், ஏறக்குறைய 2 வாரங்களுக்குக் கருவுற்ற முட்டைகளை இட்டுக்கொண்டிருக்கும். 3 வாரம் கழிந்த பிறகுகூட அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரு உள்ள முட்டை கிடைப்பதுண்டு. புதிய சேவல் வந்து இணைந்தால் அதன் விந்துதான் பெரும்பாலும் முந்திக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் எந்தக் குஞ்சு எந்தச் சேவலுக்குப் பிறந்தது என்று ஐயமின்றித் தெரிய வேண்டிய கூட்டத்தில் ‘பெரும்பாலும்’ என்பது போதாது. பழைய சேவலைப் பிரித்த நாளிலிருந்து 4 வாரம் விட்டுவிடுவதே முறை.

புதிதாக வரும் கோழியைக் கூட்டத்தோடு சேர்க்காமல் தனியே வைத்துக் கவனிக்க வேண்டிய காலமும் 30 நாள்தான். எனவே புதிய சேவல் வீட்டுக்கு வரும் அன்றே பழைய சேவலைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். இரண்டு காத்திருப்புகளும் ஒரே நாளில் தொடங்கி ஒன்றாகவே முடிந்துவிடும். இரவோடிரவாகக் கூட்டுக்குள் விட்டாலும் அந்த 4 வாரம் நீங்கள் காத்திருந்தே ஆக வேண்டும் என்னும்போது, தனிமைக் காலத்தைத் தவிர்ப்பதால் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தப் போவதில்லை. விட்டுக்கொடுப்பதோ உங்கள் 11 பெட்டைகளின் உடல்நலத்தை.

சேவலைத் தேடிப் போவதற்கு முன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். 12 முட்டையில் 4 குஞ்சு பொரிந்தது என்றால் மீதி 8 முட்டைகள் என்னவாயின என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி. பொரியாத முட்டை எல்லாவற்றையும் கூமுட்டை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கருவே உண்டாகாத முட்டை வேறு. கரு உண்டாகி இடையில் இறந்த முட்டை வேறு. அன்றன்று இட்ட முட்டைகளில் ஐந்தாறை எடுத்து, ஒவ்வொன்றாக ஒரு தட்டில் மஞ்சள்கரு சிதையாமல் உடைத்து ஊற்றி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள்கருவின் மேல் வெளிறிய புள்ளி ஒன்று தெரியும். கருவுறாத முட்டையில் அது 2 மில்லிமீட்டர் அளவில், ஓரம் சீரற்று, அடர்ந்த வெண்பொட்டாக இருக்கும். கருவுற்றிருந்தால் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விரிந்து, நடுவில் தெளிந்தும் சுற்றிலும் வெண்மையாகவும், வட்டத்துக்குள் வட்டம் வரைந்தது போல வளையமாகத் தெரியும். தாயின் உடலுக்குள் முட்டை உருவாகும் ஒரு நாளிலேயே கரு வளரத் தொடங்கிவிடுவதால்தான், இட்ட உடனேயே இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண முடிகிறது. இரண்டு மூன்று முறை பார்த்தால் கண் பழகிவிடும். பின்னால் இந்தச் சோதனை உங்களுக்கு மீண்டும் மீண்டும் தேவைப்படும்.

பெரும்பாலான முட்டைகளில் வளையம் இல்லையென்றால் குறை சேவலிடம் இருக்கிறது என்று பொருள். 3 வயதைத் தாண்டிய சேவலின் விந்து அளவிலும் தரத்திலும் குறைந்துகொண்டே வரும். கால் வலியோ எச்சத்துவாரத்தைச் சுற்றி அடர்ந்து வளர்ந்த இறகோகூட இணைசேர்வதைத் தடுக்கும். மாறாக, வளையம் இருந்தும் குஞ்சு வராவிட்டால், முட்டையைச் சேமித்த விதம், அடைக்காலத்து வெப்பம், தாய்க்கோழியின் சத்துக் குறைவு ஆகியவற்றையும் நெருங்கிய உறவுக்கலப்பையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கூட்டத்தில் இந்த உறவுக்கலப்பும் நிச்சயம் இருக்கிறது. தந்தையும் மகளும் இணைந்து பிறக்கும் குஞ்சில், ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே மூதாதையின் அதே படியிலிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. உடன்பிறந்த சேவலும் பெட்டையும் இணைந்தாலும் அதே அளவுதான். முட்டைக்குள் இறந்துபோகும் குஞ்சுகளும், பொரிந்த முதல் வாரத்தில் காரணம் தெரியாமல் சோர்ந்து விழும் குஞ்சுகளும் இதனால் கூடும். உறவில்லாத ஒரு சேவலைக் கொண்டுவந்தால் அடுத்த தலைமுறைக் குஞ்சுகளிடமே இந்தக் குறை நீங்கிவிடும். ஆகவே சேவலை மாற்றும் உங்கள் முடிவு சரியானது.

இனி, எந்தச் சேவல் என்பதற்கு வருகிறேன். சந்தைச் சேவலை வாங்காதீர்கள். அதன் அழகில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எங்கு வளர்ந்தது, அதன் தாய் எப்படிப்பட்டது, உடன் வளர்ந்தவை எப்படி இருக்கின்றன என்ற எதையும் உங்களால் அறிய முடியாது. மேலும் பல இடங்களிலிருந்து வந்த கோழிகளோடு அரை நாள் ஒரே காற்றை மூச்சிழுத்திருக்கும். இனப்பெருக்கத்துக்கான சேவலை வாங்கும்போது அது பிறந்த கூட்டத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது. சேவல் முட்டையிடுவதில்லை என்பதால் அதற்கும் முட்டைக்கும் தொடர்பில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு குஞ்சுக்கும் அதன் மரபில் பாதி தந்தையுடையது. அதற்கும் மேலாக, கோழியினத்தில் சேவலுக்கு ஒரே வகையான இரண்டு பால் குரோமோசோம்களும், பெட்டைக்கு வெவ்வேறான இரண்டும் இருப்பதால், மகள்கள் தமக்குள்ள ஒரே பெரிய பால் குரோமோசோமைத் தந்தையிடமிருந்தே பெறுகின்றன. எனவே சேவலின் நிறத்தையும் வாலையும் பார்ப்பதற்கு முன் அதன் தாயையும் உடன்பிறந்த பெட்டைகளையும் பாருங்கள். அவை எத்தனை முட்டை இடுகின்றன, அடையில் ஒழுங்காக உட்காருகின்றனவா என்று கேளுங்கள்.

தெரிந்தவரிடம் இன்னொன்றையும் தயங்காமல் கேட்க வேண்டும். கடந்த ஆண்டுகளில் உங்களிடமிருந்து அவர் முட்டையோ குஞ்சோ வாங்கியிருந்தால், அந்தச் சேவல் உங்கள் பழைய சேவலின் மகனாகவோ பேரனாகவோ இருக்கக்கூடும். அக்கம்பக்கத்தில் முட்டைகள் கைமாறிக்கொண்டே இருப்பதால், புது இரத்தம் என்று நினைத்து வாங்கியது சொந்த இரத்தமாகவே இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவருடைய தோட்டத்துக்கு மாலை நேரத்தில், கோழிகள் கூடு அடையும் முன் செல்லுங்கள். முதலில் எதையும் பிடிக்காமல் சிறிது நேரம் நின்று கேளுங்கள். தும்மலோ கரகரப்போ கேட்கிறதா, எந்தக் கோழியாவது தலையை உதறிக்கொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு சேவலைப் பாருங்கள். தீனியைக் கண்டதும் தானே விழுங்கிவிடாமல், அதை அலகால் எடுத்துக் கீழே போட்டு, அடங்கிய குரலில் பெட்டைகளைக் கூப்பிடும் சேவல் நல்ல குணமுள்ளது. மனிதரைக் கண்டதும் பக்கவாட்டில் திரும்பி, ஒரு சிறகைத் தரையில் உரசிக்கொண்டு நெருங்கி வரும் சேவல் விரைவில் காலைக் கொத்தும். இந்த முரட்டுக் குணம் ஓரளவு குஞ்சுகளுக்கும் போகும் என்பதால், குழந்தைகள் நடமாடும் தோட்டத்துக்கு அது வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். மார்பெலும்பு நேராகவும் அதன் இருபுறமும் சதை நிறைந்தும் இருக்க வேண்டும். கத்தி முனை போல எலும்பு மட்டும் கையில் தட்டுப்பட்டால் குடற்புழுவோ நாள்பட்ட நோயோ இருக்கலாம். கண்ணின் பாவை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாவை ஒழுங்கற்றும் கருவிழி சாம்பல் நிறத்திலும் இருந்தால் நரம்பையும் கண்ணையும் தாக்கும் மேரெக்ஸ் என்னும் வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். மூக்குத் துளைகள் காய்ந்திருக்கின்றனவா, முகத்தில் வீக்கம் உண்டா, அலகு நேராகப் பொருந்துகிறதா, பாதத்தின் அடியில் கருஞ்செதில் படிந்த வீக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கால் செதில்கள் வரிசையாகப் படிந்திராமல் தூக்கிக்கொண்டு, இடையில் வெண்பொடி சேர்ந்திருந்தால் அது கால் செள்ளின் வேலை. கடைசியாக, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளை விலக்குங்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளை அரிசிக் குருணை ஒட்டியது போலத் திரள் திரளாகத் தெரிந்தால் அவை பேன் முட்டைகள். பேன் இருப்பதற்காக ஒரு நல்ல சேவலை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அது எளிதில் தீர்க்கக்கூடியது. மூச்சில் சத்தம் இருந்தால் மட்டும், எவ்வளவு நல்ல சேவலானாலும் கையை விட்டுவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் சேவலை என்னிடம் கொண்டுவந்தார். பளபளக்கும் இறகும் சிவந்த கொண்டையுமாக இருந்தது. ஆனால் அதன் ஒரு கண்ணின் முன்மூலையில், சோப்பு நுரையின் ஒரு துளி போல மூன்று நான்கு சிறு குமிழிகள் தெரிந்தன. துடைத்துவிட்டால் காணாமல் போகும். அரை மணி நேரத்தில் மீண்டும் வரும். அவர் அதைத் தூசி என்றே எண்ணியிருந்தார். அது மைக்கோபிளாஸ்மா என்னும் நாள்பட்ட சளி நோயின் அடையாளம். சேவல் வந்து மூன்றாம் வாரத்தில் அவருடைய பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கரகரக்கத் தொடங்கின. இந்த நோய் கண்ட கோழி மருந்தால் தேறினாலும் கிருமியை வாழ்நாள் முழுதும் சுமந்துகொண்டிருக்கும். அதைவிடக் கொடுமை, முட்டையின் வழியாகவே குஞ்சுக்குச் செல்லும். குஞ்சு பொரிப்பதற்காகவே வைத்திருந்த அந்தக் கூட்டத்தை அவர் முழுவதுமாகக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

தனிக்கூண்டு பெட்டைகள் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்க முடியுமோ அவ்வளவு தொலைவில், காற்று அங்கிருந்து பெட்டைகள் பக்கம் வீசாத திசையில் இருக்கட்டும். தோட்டத்தின் ஒரு மூலையில் கம்பி வலைக்கு அப்பால் வைப்பது தனிமையாகாது. இடமே இல்லாவிட்டால் வீட்டின் மறுபுறத்தில், சுவர் மறைக்கும்படி வையுங்கள். அதற்கெனத் தனித் தீனித்தட்டு, தனித் தண்ணீர்ப் பாத்திரம், தனிச் செருப்பு இருக்க வேண்டும். நாள்தோறும் முதலில் உங்கள் பெட்டைகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகவே புதிய சேவலிடம் செல்லுங்கள். அங்கிருந்து வந்தபின் கையைச் சோப்பால் கழுவாமலும் உடையை மாற்றாமலும் பெட்டைகள் பக்கம் திரும்பிப் போகாதீர்கள். மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் துணியிலும் இறகிலும் ஓரிரு நாள் உயிரோடிருக்கும். சேவலைக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை எரித்துவிடுவது நல்லது, ஏனெனில் இரவில் மட்டும் வெளிவந்து இரத்தம் குடிக்கும் செவ்வுண்ணிகள் பகலில் கோழியின் மேல் தங்காமல் இத்தகைய இடுக்குகளில்தான் ஒளிந்திருக்கும்.

ஏன் 30 நாள் என்று பலர் கேட்கிறார்கள். முகம் வீங்கித் துர்நாற்றத்துடன் மூக்கொழுகும் கொரைசா நோய் 1 முதல் 3 நாளுக்குள் வெளிப்பட்டுவிடும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் 2 முதல் 15 நாள் வரை எடுத்துக்கொள்ளும். மைக்கோபிளாஸ்மா 3 வாரம் வரையும் உள்ளுக்குள் பதுங்கியிருக்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சேர்த்துவிடுகிறவர்கள், விரைவில் வெளிப்படும் நோய்களை மட்டுமே தடுக்கிறார்கள்.

முதல் இரண்டு நாள் சேவல் சரியாகத் தின்னாது. சில நாள் கூவக்கூடச் செய்யாது. இதற்காகக் கவலைப்பட வேண்டாம். எச்சத்தை நாள்தோறும் பாருங்கள். மேலே வெள்ளைப் படலத்துடன் கெட்டியாக விழுவதும், இடையிடையே பசை போன்ற பழுப்பு எச்சம் விழுவதும் இயல்பானவை. பச்சை நீராகவோ இரத்தம் கலந்தோ தொடர்ந்து விழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் வாரத்திலேயே பேனுக்கும் செள்ளுக்கும் மருந்திடுங்கள். மருந்து பேன் முட்டைகளைக் கொல்லாது என்பதால் 10 நாள் கழித்து மீண்டும் ஒருமுறை இட வேண்டும். இரண்டாவது முறையை மறப்பதால்தான் பேன் போகவில்லை என்ற குறை எழுகிறது. கால் செதில்களுக்குப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடித்துப் பூசி வந்தால் செள் மூச்சடைத்து இறக்கும். எச்சத்தைச் சோதித்துப் பார்த்து, எடைக்கேற்ற அளவில் குடற்புழு மருந்து கொடுப்பதும் இக்காலத்திலேயே நடக்கட்டும். தடுப்பூசி போட்ட விவரம் தெரியாவிட்டால், சேவல் நன்றாகத் தின்னத் தொடங்கிய பின் உங்கள் மருத்துவரிடம் கேட்டு வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் போட்டுவிடுங்கள். எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரமாகும். மேரெக்ஸ் தடுப்பூசி மட்டும் பொரிந்த முதல் நாளில் போட வேண்டியது. வளர்ந்த சேவலுக்குப் போட்டுப் பயனில்லை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். எதற்கும் இருக்கட்டும் என்று தனிமைக் காலத்தில் ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மருந்து மைக்கோபிளாஸ்மாவை அழிக்காது; அறிகுறிகளை மட்டும் அடக்கிவிடும். நோயைக் கண்டுபிடிப்பதற்காக நீங்கள் ஒதுக்கிய 30 நாளும் வீணாகி, கிருமி சுமக்கும் சேவலை நலமான சேவல் என்று நம்பி நீங்களே கூட்டுக்குள் விடுவீர்கள். தனிமைக் காலத்தில் நோய் வெளிப்பட்டால் அது உங்களுக்கு நன்மைதான்.

15 நாள் குறையில்லாமல் கழிந்தால், உங்கள் பெட்டைகளில் ஒன்றைக் கொண்டுபோய் அந்தச் சேவலோடு விடுங்கள். உங்களிடமுள்ள சிறந்த பெட்டையை அதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நலமாக, ஒழுங்காக முட்டையிட்டுக்கொண்டிருக்கும் நடுத்தரமான ஒன்று போதும், ஏனெனில் தனிமைக் காலம் முடியும்வரை அது திரும்பி வரக்கூடாது. சேவல் தனக்கு ஒன்றும் ஆகாமலே கிருமியைச் சுமந்துகொண்டிருந்தால், அதை முன்பு அறியாத இந்தப் பெட்டைக்கு அடுத்த 2 வாரத்தில் நோய் வரக்கூடும். உங்கள் கூட்டம் வெளியில் தெரியாமல் எதையாவது சுமந்துகொண்டிருந்தால், சேவல் நோயுறக்கூடும். இரண்டில் எது நடந்தாலும், மீதி 10 பெட்டைகளோடு சேவலைச் சேர்ப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பெட்டையால் மற்றொரு பயனும் உண்டு. இடம் மாறியதால் சில நாள் முட்டையிடாமல் இருந்து பிறகு தொடங்கும். 28-ஆம் நாள் வாக்கில், அதன் முட்டைகள் இரண்டையும் பழைய கூட்டிலுள்ள பெட்டைகளின் முட்டைகள் நான்கைந்தையும் உடைத்துப் பாருங்கள். பழைய கூட்டின் முட்டைகளில் வளையம் மறைந்து அடர்ந்த பொட்டு மட்டும் இருந்தால், பழைய சேவலின் விந்து தீர்ந்துவிட்டது. இந்தப் பெட்டையின் முட்டைகளில் வளையம் இருந்தால் புதிய சேவலுக்குக் கருத்தரிக்க வைக்கும் திறன் இருக்கிறது. கூட்டத்தோடு சேர்ப்பதற்கு முன்பே இந்த இரண்டும் உங்களுக்குத் தெரிந்துவிடும். வளையம் இல்லாவிட்டால் அவசரப்பட்டுச் சேவலைக் குறை சொல்லாதீர்கள். இறகு உதிர்க்கும் காலமாக இருந்தாலோ கடும் வெயிலோ கடுங்குளிரோ அதை வாட்டியிருந்தாலோ, தற்காலிகமாகத் திறன் குறையும்.

கூடவே, வாய்ப்பிருந்தால் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். முட்டையின் வழியே குஞ்சுக்குச் செல்லும் நோய்களில் மைக்கோபிளாஸ்மாவும், குஞ்சுகளை வெண்ணிற வயிற்றுப்போக்கோடு கூட்டங்கூட்டமாகக் கொல்லும் புல்லோரம் நோயும் முதன்மையானவை. இரண்டையும் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு சோதிக்க முடியும். முட்டைக்காக மட்டும் வளர்ப்பவருக்கு இதை நான் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன்; குஞ்சு பொரித்துப் பிறருக்கும் கொடுக்கப் போகிறவருக்கு இது தேவை. ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் திடீரென்று இறந்தால், இறந்தவற்றைத் தொடாமலும் எதையும் வெளியே கொடுக்காமலும் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

தீவனத்தைப் பற்றி ஒரு சொல். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். சேவலுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு போதும். மிகுதியான சுண்ணாம்புச்சத்து நாளடைவில் அதன் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனவே எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனத்தையே பொதுவாக வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பெட்டைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

30 நாள் முடிந்த பிறகு, பெட்டைகளும் சேவலும் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஆனால் தொட முடியாதபடி, இடையில் கம்பி வலை வைத்து ஒரு வாரம் பக்கத்தில் இருக்கவிடுங்கள். கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்ற படிநிலை உண்டு என்பதை நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதினார். புதிய முகம் வரும்போது அந்தப் படிநிலை குலைந்து மீண்டும் அமைய வேண்டியிருக்கிறது. இரவில் கூட்டுக்குள் விடுவதில் தவறு ஏதுமில்லை. இருட்டில் கோழிகள் சண்டையிடுவதில்லை என்பதால் முதல் மோதலை அது தணிக்கும். தனிமைக் காலமும் இந்த ஒரு வாரமும் கழிந்த பிறகு நீங்களும் அப்படியே செய்யலாம். ஆனால் மறுநாள் விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். முதிர்ந்த பெட்டைகள் ஓராண்டுச் சேவலை முதல் சில நாள் துரத்துவதுண்டு. இரத்தம் வராதவரை தலையிட வேண்டாம். தீனியும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருந்தால், விரட்டப்பட்டதும் பட்டினி கிடக்காது. தனிக்கூண்டில் சேவலோடு இருந்த பெட்டை முன்பே அதற்குப் பழகியிருப்பதால், அதனருகே சேவல் விரைவில் தைரியம் கொள்ளும்.

பழைய சேவலை அதே இடத்தில் வைத்துக்கொள்ள விரும்பினால், இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி அதற்குத் தனியிடம் கொடுங்கள். 11 பெட்டைகளுக்கு ஒரு சேவலே போதும். மிகக் குறைந்த பெட்டைகளை மட்டும் சேவலோடு வைத்தால், அவற்றின் முதுகிறகு உதிர்ந்து தோல் கிழியும். சேவலின் கால்முள் நீண்டு கூர்மையாக இருந்தால் நுனியை அராவி மழுக்கிவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்காகவும் இப்போதே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். இந்தச் சேவலின் மகள்கள் முட்டையிடும் பருவத்துக்கு வந்ததும், அவற்றைத் தந்தையோடு விட்டால் இப்போதைய நிலைமையே திரும்பும். குஞ்சுகளின் காலில் நிற வளையம் போட்டு அடையாளப்படுத்தி, மகள்களைத் தனியே பிரிக்கவோ இரண்டாண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்றவோ திட்டமிடுங்கள்.

சேவல் கூட்டத்தோடு சேர்ந்து 10 நாள் ஆனதும், வெவ்வேறு பெட்டைகளின் முட்டைகள் ஐந்தை உடைத்துப் பாருங்கள். இன்று இணைந்தால் நாளைய முட்டை கருவுற்றிருக்காது. ஏற்கெனவே ஓடு பூசப்பட்டுக்கொண்டிருக்கும் முட்டையை விந்து சென்றடைய முடியாது. எல்லாப் பெட்டைகளையும் சேவல் இணைந்து முடிக்க ஒரு வாரமாவது ஆகும் என்பதால்தான் 10 நாள் என்கிறேன். ஐந்தில் நான்கில் வளையம் இருந்தால் அன்றிலிருந்து முட்டைகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி, 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். 7 நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அடை வைத்த 7-ஆம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தை முட்டையின் அகன்ற முனையில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி போல நரம்புகள் பரவிய கரு தெரிய வேண்டும். ஒன்றும் இல்லாமல் தெளிவாகத் தெரிவதை எடுத்துவிடலாம். உள்ளே சிவந்த கோடு மட்டும் வளையமாகத் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இவ்விரண்டின் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். தனிமைக்கு 30 நாள், பழகுவதற்கு ஒரு வாரம், இணைசேர 10 நாள், முட்டை சேர்க்க ஒரு வாரம், அடைக்கு 21 நாள் என்று கணக்கிட்டால், புதிய சேவல் உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஏறத்தாழ 75-ஆம் நாள் அதன் முதல் குஞ்சுகளை எதிர்பார்க்கலாம்.